தாய்லாந்து மங்குஸ்தானும் உலகம்மாளும் நானும்

உலகம்மாள் இறந்த செய்தி எனக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. தென்காசியில் அவள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி. காலையில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நிற்கிறேன், என் மகள் நித்யா அழைக்கிறாள். அங்கே இன்னும் விடிந்திருக்காதே என்று பதறிப்போய் எடுத்தேன். "அம்மா, மேடம் போயிட்டாங்கம்மா" என்று விம்மினாள். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு மேடம்தான். நானும் அவளுக்குக் கல்லூரியில் பாடம் எடுத்தவள்தான், ஆனால் அந்தக் கணக்கில் நான் சேர்த்தியில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு உலகம்மாள் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்ற அவள் கணவர் என்னைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணுன்னா மொதல்ல நித்யாட்ட சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தா" என்றார். துக்க வீட்டு வாசலில் நிற்கிறேன், அதற்கு நடுவிலும் நெஞ்சில் சுருக்கென்றது. போகும்போதும் முந்திக்கொண்டாளே பாவி என்று நினைத்தேன்.

நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்ட மாணவியரே, உங்களுக்கு அவள் பொருளாதாரம் சொல்லித்தந்த பேராசிரியை. எனக்கு அடுத்த நாற்காலிக்காரி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே துறை, ஒரே அறை, ஒரே மின்விசிறி. அவளைப் பார்த்து வயிறெரியாமல் நான் வீடு திரும்பிய நாட்கள் குறைவு. அஞ்சலி என்பதற்காக அதை மறைத்துவிட்டு மல்லிகைப்பூ வாசனையாக நான் எழுதினால் அவளே எழுந்து வந்து சிரிப்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "ஏட்டி சாந்தா, இஞ்சி தின்ன மூஞ்சியா இருக்கே, இன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டுத் தன் டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டுவாள். நானும் வாங்கித் தின்பேன்.

அவள் என்ன செய்வாள் என்பதற்கு மங்குஸ்தான் கதை ஒன்று போதும். ஒரு வருடம் ஆடி மாதத்தில் துறை ஆசிரியைகள் எல்லோரும் குற்றாலம் போனோம். ஆடியில் குற்றாலம் எப்படி இருக்கவேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாரலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மெயின் அருவியில் விழுந்த தண்ணீரைத் தலையில் வாங்க வரிசையில் நின்று சண்டை போடவேண்டியிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, வந்ததற்குப் பழமாவது வாங்குவோம் என்று ஐந்தருவி சாலையில் ஒரு கடையில் நின்றோம். மங்குஸ்தான் குவிந்து கிடந்தது. நான் வாங்கினேன், உடைத்தேன், தின்றேன், இனிப்பாக இருக்கிறது என்றேன். உலகம்மாள் ஒரு பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். அதன் தோலில் ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பிசுபிசுப்பு.

"அண்ணாச்சி, இது நம்ம மலைப் பழமா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் முதலில் ஆமா என்றார். அவள் விரலில் ஒட்டிய பசையைக் காட்டினாள். மனிதர் சிரித்துவிட்டார். "என்ன மேடம் செய்ய? பூப்பிடிக்க நேரத்துல வெயில் மண்டையப் பொளக்குது, மழை வேண்டாத நேரத்துல கொட்டுது. மலையில காய்ப்பே இல்ல. சீசனுக்கு வாறவுக மங்குஸ்தான் இல்லாம போவாகளா? இது தாய்லாந்துப் பழம். பிளேன்ல வருது" என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டு வேனில் ஏறிவிட்டோம். மறுநாள் அவள் அந்தப் பழத்தில் ஒன்றை வகுப்பு மேசையில் வைத்திருக்கிறாள். பக்கத்து வகுப்பில் நான் "உலகமயமாதல் வளரும் நாடுகளின் பருவநிலையில் ஏற்படுத்தும் விளைவுகள்" என்று குறிப்பு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதே பாடம், அதே நேரம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்கிறது: "நம்ம மலை ஏன் காய்க்கல? பருவம் தப்புது. பருவம் ஏன் தப்புது? பூமி சூடாகுது. ஏன் சூடாகுது? எங்க கூலி குறைச்சலோ அங்கன செஞ்சு, எங்க காசு இருக்கோ அங்கன ஏத்தி அனுப்ப, ராத்திரி பகலா எண்ணெய எரிக்கோம். இப்ப காய்க்காத மலைக்குப் பழம் ஆகாசத்துல வருது. அதுக்கும் எரிக்கணும். பொறவு மலை எப்படிட்டி காய்க்கும்?" உடனே அந்த வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. என் வகுப்புப் பெண்கள் பேனாவை மூடிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் காதில் புகை வந்தது. இந்தப் பாடத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள் நான். அவளுக்கு முன்னால் அந்தப் பழத்தைத் தின்றவளும் நான்தான். ஆசிரியர் அறைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஒரு கூடைப் பழத்தால மலை காய்க்காமப் போகாது. கடல் சூடு இருக்கு, காத்து திசை இருக்கு, காட்ட அழிச்சது இருக்கு. எரிச்சதுல பெரிய பங்கு பணக்கார நாடு. நம்ம பழக்காரர் அதுல தூசி. நீ என்னமோ பழத்த வச்சு வித்தை காட்டுத" என்றேன்.

"நீ சொல்லுதது சரிதான்" என்றாள் உடனே. "நாளைக்கு அதையும் சொல்லிருதேன். சாந்தா மேடம் திருத்துனாங்கன்னே சொல்லுதேன்." சொன்னாள். 'பழி ஓரிடம் பாவம் ஓரிடம்' என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னாளாம். எரித்தவன் ஊரில் குளிருக்குக் கம்பளி இருக்கிறது, எரிக்காதவன் ஊரில் கிணறு வற்றுகிறது என்றாளாம். நான் ஒன்றரை மணி நேரம் எடுக்கிற பாடத்தை என் பெயரைச் சொல்லியே இரண்டு வரியில் முடித்துவிட்டாள். திருத்தப் போய் நான் இன்னொரு முறை தோற்றேன். அதன் பிறகு தேர்வுத்தாளில் எந்தப் பெண்ணும் என் குறிப்பை எழுதவில்லை. எல்லாத் தாளிலும் மங்குஸ்தான். "உலகம்மா மேடம் எடுத்தாத்தான் உலகமயம் புரியுது" என்று நீங்கள் நடைபாதையில் கேலி பேசியது என் காதிலும் விழுந்ததுதான்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். என் மகள் விஷயம்தான் தாங்க முடியவில்லை.

நித்யா எங்கள் கல்லூரியிலேயே, எங்கள் துறையிலேயே சேர்ந்தாள். சாயங்காலம் ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு உலகம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள். கேட்டால் சந்தேகம் கேட்கப் போனேன் என்பாள். "ஏட்டி, வீட்டுக்குள்ள ஒருத்தி அதே பாடத்த எடுத்துக்கிட்டு இருக்காளே, கண்ணு தெரியலையா?" என்றேன் ஒருநாள். "நீங்க சொன்னா நோட்ஸ் மாதிரி இருக்கும்மா" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் வேறு. உலகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஒன்றே ஒன்று பெற்று வைத்திருந்த எனக்கும் அந்தச் சாயங்காலங்களில் பிள்ளை இல்லை.

நித்யா படித்து முடித்ததும் நல்ல வேலை ஒன்று வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்கள் விடும் புகைக்கு ஈடாக இங்கே மரம் வளர்க்கப் பணம் தருகின்றன. அதை வாங்கி மரம் நடுகிற ஒரு நிறுவனம் ஆலங்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கிற வேலை. சம்பளம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியதைப் போலப் பல மடங்கு. பக்கத்திலேயே இருப்பாள், தினமும் என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்க அல்வா கொடுத்தேன். உலகம்மாளுக்கும் கொடுத்தனுப்பினேன், நித்யா கையிலேயே. அங்கேதான் கெட்டது.

போனவள் வாடிய முகத்தோடு வந்தாள். "மேடம் ரெண்டு கேள்வி கேட்டாங்கம்மா. அந்த மரத்துக்குத் தண்ணி எந்தக் கெணத்துல இருந்து எடுப்பாங்க, அந்த மானாவாரிக் காட்டுல உளுந்து விதைச்சுக்கிட்டு இருந்தவங்க இனி எங்கன போவாங்கன்னு. எனக்குத் தெரியலம்மா" என்றாள். நிறுவனத்தில் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் வேலையில் சேர்ந்தபின் பேசலாம் என்றார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் உலகம்மாள் வீட்டுக்குப் போனேன். "எம்மவ சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே, இப்ப குளுந்துபோச்சா?" என்று கத்தினேன். "வேண்டாம்னு நான் சொல்லலட்டி, கேள்விதான் கேட்டேன்" என்றாள். "பெத்தவ நான் இருக்கேன். எம்மவளப் பத்தி எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரும்?" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "காப்பி குடிச்சிட்டுத் திட்டு, தொண்டை காயுதுல்லா" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வேலையை வேண்டாம் என்ற நித்யா அந்தக் கேள்விகளையே ஆராய்ச்சியாக எழுதப் போகிறேன் என்று ஜெர்மனிக்கு விமானம் ஏறினாள். அதற்கும் உலகம்மாள்தான் சிபாரிசு. "இம்புட்டுப் புகை விட்டுக்கிட்டு விமானத்துல போறது மட்டும் சரியா?" என்று கேட்டேன், குத்தவேண்டும் என்றே. "சரியில்லதான்" என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா அங்கேர்ந்து இவ்வளவு சாமான் வருதே, இங்கேர்ந்து ஒரு கேள்வி போகட்டும்ட்டி." கையெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை கண்காணாத தேசத்துக்குப் போனாள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பத்து நிமிடம் பேசுவாள், உலகம்மாளிடம் ஒரு மணி நேரம். அவள் வீட்டைக் கடக்கும்போது ஜன்னல் வழியாக என் மகளின் சிரிப்பு போனிலிருந்து கேட்கும். நான் நடையை எட்டிப் போட்டுவிடுவேன்.

எடுக்கப் போகிறார்கள் என்றதும் நித்யா வீடியோவில் வந்தாள். வாசல் முழுக்க நீங்கள் நின்று அழுதுகொண்டிருந்தீர்கள். "என்னால வர முடியலம்மா. எனக்குப் பதிலா மேடம் காலத் தொட்டுக் கும்பிடுங்க" என்றாள். என்னைவிட இரண்டு வயது இளையவள் உலகம்மாள். குனிந்து தொட்டேன். நிமிர்ந்ததும், "அது எனக்கு. இப்ப உங்களுக்காக ஒருதடவை" என்றாள். மறுபடி குனிந்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. உங்களில் இரண்டு பேர் தூக்கிவிட்டீர்கள்.

அன்று மாலை குளித்துவிட்டு வந்து நானே நித்யாவை அழைத்தேன். "என்ன நெனச்சுக் கும்பிட்டீங்கம்மா?" என்றாள். "இனியாவது எம்மவள எனக்குத் தந்திருன்னு" என்றேன். அவள் அழுகையோடு சிரித்தாள். "நான் எங்கம்மா போனேன்? மேடம் வீட்டுல போயி உக்காந்து நான் பேசினது பாதி உங்களப் பத்திதான். நீங்க திட்டினது, உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லாதது, எனக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கவே கேக்காதது, எல்லாத்தையும் அவங்கட்டதான் கொட்டுவேன். இனி உங்களப் பத்தி யார்கிட்டம்மா நான் குறை சொல்லுவேன்?" என்றாள்.

"எங்கிட்டயே சொல்லு" என்றேன். சொல்லத் தொடங்கினாள், முதலில் தயங்கி, பிறகு தயங்காமல். நான் இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், என் சுபாவத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் உறைத்தது. இத்தனையையும் வருடக்கணக்கில் மனதில் வைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறாள் உலகம்மாள். நான் போட்ட எந்தச் சண்டையிலும் இதில் ஒரு வார்த்தையைக்கூட எடுத்து என் மீது வீசவில்லை. உலகம்மாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த மௌனத்தைத்தான். அது எனக்குக் கைவரப் போவதில்லை என்று தெரிகிறது, அதனால் அதன் மேலும் எனக்குப் பொறாமை.