ரசமட்டம் காலி செய்த வீடு

எதிர் வீட்டுக்காரருக்கு எங்கள் குடியிருப்பில் ‘ரசமட்டம்’ என்றுதான் பெயர். டைல்ஸ் ஒட்டுவது தொழில்; தரை மட்டம் பார்க்கும் ரசமட்டக் குழாய் எப்போதும் பையில் இருக்கும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். என் வீட்டிலும் சொன்னார். நான் காபிகூடக் கொடுக்கவில்லை.

நகரத்துக்குள் வாடகை கட்டி மாளாது என்று என்னைப்போலவே இந்தப் புறநகருக்கு வந்தவர். மகள் பள்ளி இறுதி வகுப்பு; பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். அவள் பரீட்சை முடியும்வரை இந்த வீட்டை விடக்கூடாது என்பதுதான் குடும்பத்தின் ஒரே கவலை.

வீடு என்னவோ படுமோசம். குளியலறையில் தண்ணீர் வடியாமல் குளமாக நிற்கும். உரிமையாளர் வாடகைக்கு மட்டும்தான் வாய் திறப்பார். மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? வேலை செய்த இடங்களில் மிஞ்சிய டைல்ஸைக் கேட்டு வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்ட ஆரம்பித்தார். குளியலறை, சமையலறை, கடைசியில் கூடமும்.

“அடுத்தவங்க வீட்டுக்கு எதுக்குங்க இப்படி மெனக்கெடறீங்க?” என்று மனைவி கேட்டார்.

“இருக்கறது நாமதானே” என்றார் இவர்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உரிமையாளர் வந்தார். நம்ம ஆள் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதுதான் இல்லை. கையோடு அழைத்துப் போய் அறை அறையாகக் காட்டினார். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது சொட்டுகூடத் தங்காமல் ஓடுவதைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உரிமையாளர் பார்த்தார், செல்போனில் படமும் எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் போன் வந்தது. இவர் மாடிப்படியில் நின்று ஸ்பீக்கரில் பேசியதால் எனக்கும் கேட்டது. வாடகை ஒன்றரை மடங்காம்.

“அதெல்லாம் நான் போட்டதுங்க.”

“இல்லைன்னு யார் சொன்னா? இப்படி ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் இதான் ரேட்டு. முடியலைன்னா சொல்லுங்க, ஆள் ரெடியா இருக்கு.”

வேறு வீடு தேடி இவர் ஏறி இறங்காத படியில்லை. கடைசியில் அகப்பட்டது, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், சுவரெல்லாம் ஈரத்தில் ஓதம் பூத்த ஒரு வீடு. பரீட்சைக்கு மகள் விடியுமுன்னே கிளம்பியாக வேண்டும். இதற்கிடையில் அந்தப் படம் என் வீட்டு உரிமையாளர் கைக்கும் போய், அதைக் காட்டி என் வாடகையையும் ஏற்றிவிட்டார். ரசமட்டத்தின்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமான் ஏற்றும் அன்று வாசலில் கை கட்டி நின்று பார்த்தேன்.

மகள் புத்தகப் பையோடு அப்பாவிடம் வந்தாள்.

“அப்பா, அந்த வீட்டையாவது அப்படியே விட்டுடுங்கப்பா. எதையும் சரி பண்ணாதீங்க.”

“சரிம்மா” என்றார்.

எதற்கும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற மனிதர் இல்லை அவர். கட்டியிருந்த கையைப் பிரித்து, வாசலில் கிடந்த ஒரு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.