களைப்பாக இருக்கிறார் என்று சொன்னேன்

ஒரு கோடை விடுமுறையில் எனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவர் போன் செய்தார். பிரான்சிலிருந்து தொண்டு செய்ய ஒரு பெண்மணி புதுச்சேரிக்கு வந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேச அவருக்குத் துணை வேண்டும் என்றார். நான் பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருபவள். சரி என்றேன்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருத்துவமெல்லாம் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியும் என்றார்.

எலும்பு முறிந்த பெண்களுக்கான வார்டு அது. கட்டில் கிடைக்காதவர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பாதி மின்விசிறிகள் ஓடவில்லை. இருந்த இரண்டு நர்ஸ்களுக்கு நிற்க நேரமில்லை. அந்த அம்மா ஒரு எக்ஸ்ரே உறையை எடுத்து, வியர்த்துக் கிடந்தவர்களுக்கு விசிறிவிடத் தொடங்கினார்.

கடைசிக் கட்டிலில் தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு கிராமத்து அக்கா. களையெடுத்துவிட்டுத் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் மோதி இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கூட இருக்க ஆளில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள்தான் டீ வாங்கித் தந்தார்கள். அதனாலேயே பிரெஞ்சு அம்மா அவரிடம் அதிக நேரம் இருந்தார்.

மூன்றாம் நாள் அக்கா என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "டீச்சரம்மா, அவங்கள இங்க வர வேணாம்னு சொல்லிடுங்க. எனக்கு யாருமில்லன்னு வார்டே பேசுது. ரெண்டு புள்ளைங்க இருக்கானுங்க எனக்கு. திருப்பூர்ல வேல, லீவு கெடைக்கல."

எனக்கு அதை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. களைப்பாக இருக்கிறார், தூங்க வேண்டுமாம் என்று பிரெஞ்சு அம்மாவிடம் சொன்னேன்.

வெளியே டீக்கடையில் நின்றபோது, அவர் இன்னும் நிறையச் சொன்னாரே என்று பிரெஞ்சு அம்மா கேட்டார். உண்மையைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு, இனிமேல் எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதீர்கள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

மறுநாள் நேராகக் கடைசிக் கட்டிலுக்குப் போனார். தள்ளி நின்றபடியே, என்னைச் சொல்லச் சொன்னார்: என் மகள் என்னோடு பேசி இரண்டு மாதமாகிறது. இந்த ஊரில் எனக்கும் யாருமில்லை. உட்காரலாமா?

அக்கா ஸ்டூலின் மேலிருந்த தன் பையை எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டார்.

"உக்காரச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு என்னா கோவமாம்?"

மகளுடைய அப்பாவின் வீட்டை இவர் விற்றதில் வந்த கோபமாம். அது நியாயமான கோபம்தான் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் பெற்றவள்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்றார். பிரெஞ்சு அம்மா அங்கேயே போனை எடுத்தார். திரையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு முகம் தெரிந்ததும், அக்கா தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"சாப்ட்டியாம்மா?"

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அறுவை சிகிச்சை முடிந்து சின்ன மகன் வந்து அக்காவை அழைத்துப் போனான். பிரெஞ்சு அம்மா ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் பஸ் பிடித்து அக்காவின் வீட்டுக்குப் போனோம். அக்கா வாக்கரைப் பிடித்து வாசல்வரை வந்தார். சாப்பிடும்போது மீன் குழம்பின் காரத்தில் விருந்தாளிக்குக் கண்ணும் மூக்கும் வழிந்தன. அக்கா ஒரு துண்டு வெல்லத்தை அவர் வாயில் போட்டுவிட்டு, தன் முந்தானையாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.