மெஷின் இல்லாத நாள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு வார்டு கிடையாது. மனநல நர்ஸ். உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவர்களில் யாராவது சாப்பிட மறுத்தால், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால், அங்கிருந்து போன் வரும். போவாள், பேசுவாள், திரும்பிவிடுவாள். எல்லா வார்டிலும் விருந்தாளிதான். "மனசு சிஸ்டர் வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்கா இருங்க" என்று சிரிப்பார்கள். டீ வரும்போது மட்டும் அவளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. உறவுக்காரர்கள் கேட்டால் "நர்ஸா இருக்கா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். மனநலம் என்ற பாதியை மென்று முழுங்கிவிடுவாள்.

அந்தத் தடவை டயாலிசிஸ் பிரிவிலிருந்து கூப்பிட்டது, அங்கே எல்லோரும் எலக்ட்ரீசியன் மாமா என்று கூப்பிடும் ஒருவருக்காக. சிறுநீரகம் கைவிட்டு, சில வருடங்களாக மெஷின் தயவில் இருந்தவர். இனிமேல் வேண்டாம் என்றார். நிறுத்தினால் ஓரிரு வாரம்தான் என்பதும் அவருக்குத் தெரியும். தெளிந்த மனதோடு சொல்கிறாரா, மனச்சோர்வு அப்படிச் சொல்ல வைக்கிறதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். சோர்வு என்றால் முதலில் அதற்கு வைத்தியம். அதுவரை மெஷினும் தொடரும்.

மெஷினை விட்டு எழுந்த கையோடு அவள் யாரிடமும் இதைக் கேட்பதில்லை. அப்போது உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். யாரைக் கேட்டாலும் போதும் என்றுதான் சொல்வார்கள். அதனால் மெஷின் இல்லாத நாளாகப் பார்த்து அவருடைய மாடி வீட்டுக்குப் போனாள்.

"தூக்கம் வருதா மாமா?"

"வருது. பசிக்குது. பேத்தி சீட்டாட்டத்துல ஏமாத்துனா கோபம்கூட வருது. எல்லா லைனும் நல்லாத்தான் ஓடுது, சிஸ்டரம்மா. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ண எலக்ட்ரீசியனுக்கே பர்மிஷன் இல்லன்னா எப்படி?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"அதிருக்கட்டும், நீ சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கிடக்கு?"

வேலைக்காக அந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படி ஒருவர் கேட்டதில்லை.

டாக்டரிடம், "இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். பதில் முதல் நாளே தெரிந்துவிட்டது என்பதைத் தன்னிடம்கூட அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படிகளில் ஏறும் காரணத்தை விட்டுவிட மனம் வரவில்லை.

ஒரு நாள் அவரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது அவருடைய மகள் வழிமறித்தாள். "அக்கா, அப்பாவுக்கு மனசு சரியில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்கு என்ன போச்சு?"

எனக்கும் போகத்தான் போகிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல அவள் யார்?

அதற்கடுத்த தடவை போனபோது அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். ஊசி ஏறிய இடம் கன்றிப்போய் வீங்கியிருந்தது.

"நீ ஒவ்வொரு தடவை 'இன்னொரு தடவை'ன்னு சொல்றப்பவும் இதுல ரெண்டு ஊசி ஏறுது, தாயி. உன்ன குத்தம் சொல்லல. நீ வர்றது எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா முடியல."

மறுநாள் காலை டாக்டரின் அறைக்குப் போனாள்.

"தெளிவா இருக்காரு சார்."

"நிச்சயமா?"

"எனக்குப் பிடிக்கல. ஆனா தெளிவாத்தான் இருக்காரு."

"சரி. அவர்கிட்டயும் மககிட்டயும் நான் பேசறேன். வலி தெரியாம பாத்துக்க வீட்டுக்கே வேற டீம் போகும்." டாக்டர் தலையை நிமிர்த்தினார். "உங்க வேலை முடிஞ்சது."

உண்மைதான். மனதில் நோய் இல்லையென்று அவளே சொன்ன பிறகு, அவர் எப்படி அவளுடைய நோயாளி ஆவார்?

இருந்தாலும் விடுமுறையன்று போனாள், யூனிபார்ம் இல்லாமல். மாடிக் கதவை மகள் பாதிதான் திறந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"தூங்குறாரு" என்றாள்.

உள்ளே சீட்டுக் கட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டது. "யாரும்மா அது?" என்றது அவர் குரல்.

மகள் அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யாருமில்லப்பா."

கதவு சாத்திக்கொண்டது. நான்தான் மாமா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அவருக்குக் கேட்டுவிடும். கொடுக்கலாமா? தெளிவாக இருக்கிறார் என்று சொல்லி அவரை மகளிடமிருந்து எடுத்துக்கொண்டது போதாதா? செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கினாள்.