எட்டு ஸ்லீப்பர் தள்ளி ஒரு பூஜ்யம்

சாரலில் சாக்பீஸ் கோடு நிற்காது. தென்காசிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். இலத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்குத்தான் அன்று காலை புத்தி போகவில்லை.

செங்கோட்டைப் பக்கம் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டிருந்தது. கந்தக அமிலம் ஏற்றிய இரண்டு டேங்கர்கள் வயலுக்குள் சாய்ந்து கிடந்தன. ஒன்றின் மூடி கசிந்து, தூறல் பட்ட இடமெல்லாம் புகைந்தது. தீயணைப்பு ஆட்கள் வாய்க்காலை மணல் மூட்டைகளால் அடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் சனம் குளிக்க வரிசையில் நின்ற நேரத்தில், நாங்கள் தொண்டை எரிய அங்கே நின்றோம்.

நான் வேகன் பிரிவில் இன்ஜினீயர். விபத்து நடந்தால் சக்கரத்தை அளப்பது என் வேலை. தண்டவாளத்தை அளக்க வேறு பிரிவு உண்டு. எங்கள் ஆட்கள் தண்டவாளத்தைக் குறை சொல்வார்கள்; அவர்கள் சக்கரத்தைக் குறை சொல்வார்கள். மாமியார் மருமகள் சண்டைதான். அதைத் தீர்ப்பது ஒரே ஒரு கீறல். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தில் அது விழுந்திருக்கும். அந்த இடத்துக்குப் பூஜ்யம் என்று பெயர். ரயில் பூஜ்யத்துக்கு வருவதற்கு முந்திய பாதையில் பழுது இருந்தால் தண்டவாளத்தின் குற்றம். பூஜ்யத்தைத் தாண்டி நொறுங்கிக் கிடப்பதெல்லாம் தடம் புரண்ட சக்கரம் நொறுக்கியது.

கீறலை எனக்குக் காட்டியவர் கீமேன். தினமும் சுத்தியலோடு அந்தப் பாதையில் நடந்து, தண்டவாளத்தை அதன் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளோடு பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தட்டிப் பார்ப்பவர்.

"இங்கனதான் ஏறியிருக்கு மேடம். சாக்பீஸ் வேண்டாம், சாரல்ல நிக்காது," என்றார்.

பழக்கதோஷத்தில் சாக்பீஸாலேயே கோடு போட்டேன். நல்லவேளையாக, செல்போனில் ஒரு படமும் எடுத்தேன்.

மதியம் என் மேலதிகாரி வருவதற்குள் கோடு கரைந்து, கீறலிலும் துரு ஏறிவிட்டது. அவர் தாமாகவே ஒரு கோடு போட்டார். எண்ணிப் பார்த்தேன், ரயில் போன திசையில் எட்டு ஸ்லீப்பர் தள்ளிப் போட்டிருந்தார். அந்த எட்டிலும் கிளிப்புகள் உடைந்து கிடந்தன; இப்போது அவை பூஜ்யத்துக்கு முந்திய பழுதாகிவிட்டன. தண்டவாளப் பிரிவின் சார்பில் நின்றவர் வெளியூரிலிருந்து பொறுப்புக்கு வந்தவர், அந்தப் பாதையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கீமேன் கிளிப்புகளைக் கவனிக்கவில்லை என்று, இரண்டு பிரிவும் கையெழுத்துப் போட வேண்டிய கூட்டறிக்கை தயாரானது.

"காலைல அம்புட்டையும் தட்டிப் பாத்துட்டுதான் வந்தேன் சார்," என்றார் கீமேன். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. வேலை போய்விடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மேலதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த ரயிலைச் செக் பண்ணி அனுப்புன ஷீட்ல யார் கையெழுத்தும்மா இருக்கு?"

"என்னோடது சார்."

"அப்ப பேசாம இரு. சக்கரம்னு எழுதுனா முதல்ல போறது நீதான்."

உண்மைதான். ரயில் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். சில சக்கரங்களை மட்டும் அளந்துவிட்டு, மற்றதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாய்ந்து கிடந்த டேங்கரின் சக்கரத்தைக் காலையில் அளந்தபோதே தெரிந்துவிட்டது. விளிம்பு கத்தி போலத் தேய்ந்திருந்தது; அப்படித் தேய்ந்தால்தான் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறும்.

பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. என் தப்பை மறைக்க இன்னொருவர் சோற்றில் மண்ணள்ளிப் போடுவார்களாம், நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

காலையில் எடுத்த படத்தோடு செல்போனை மேலதிகாரியிடம் நீட்டினேன். "இது எந்த ஸ்லீப்பர்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மாற்றிய கிளிப் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பது கீமேனின் வழக்கம். அவரை யாரும் வைக்கச் சொன்னதில்லை. என் கோட்டுக்கு நேரே ஒரு கிளிப்பில் அந்தப் பொட்டு இருந்தது; அக்கம்பக்கத்தில் வேறு எதிலும் இல்லை. எட்டு ஸ்லீப்பர் பின்னால் நடந்துபோய் அதன் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பூஜ்யம் இங்கனதான் சார். இதுக்கு முந்தி ஒரு கிளிப்கூட கழலல. அளந்துக்கிடுங்க."

பொறுப்புக்கு வந்தவர் பேனாவை மூடிவிட்டு டேப்பை எடுத்தார்.

கூட்டறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: காரணம், சக்கர விளிம்பின் தேய்வு. அளக்காமல் அனுப்பியவர், நான்.

தண்டனை எனக்கு வந்தது, வர வேண்டியதுதான். இப்போது ஒரு சக்கரத்தையும் அளக்காமல் விடுவதில்லை. அவசரம் என்று யார் வந்தாலும் ரயில் நிற்கட்டும் என்கிறேன்.

கீமேன் அதே பாதையில்தான் நடக்கிறார். தண்டனை விஷயம் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார்.

"எனக்காவ எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"உங்களுக்காக இல்ல அண்ணாச்சி. தப்பு என்னோடது. அதைத் தூக்கி எட்டு ஸ்லீப்பர் தள்ளி வைக்க அவங்க யாரு?"