வெட்டி எறிந்த ஃபியூஸ்

போன வருடம் சித்திரையில், செந்துறையிலிருந்து அரியலூர் வரும் சாலையில் நடந்தது இது. இதை எழுதும்போது இன்னமும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. யார் மேல் கோபம் என்பது படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டும் வேலை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "அவன்கிட்ட வாயக் குடுத்தா தப்பிக்க முடியாதுப்பா" என்று கூட ஓட்டுபவர்கள் சொல்வார்கள். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்!

திடீரென்று ஒருநாள், எல்லா வண்டியிலும் வயர்லெஸ் செட் இருந்தால்தான் சுரங்கத்துக்குள் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வெடி வைக்கும் நேரத்தில் வண்டிகளை நிறுத்த, வளைவில் எதிரே வருபவனை எச்சரிக்க. நல்ல ஏற்பாடுதான். செட்டை வாங்கிக்கொண்டு பெரம்பலூரில் ஒரு எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சவூதியில் இதே மாதிரி செட்டுகளை வண்டிகளில் மாட்டும் வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு வந்தவர்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "பேட்டரி கேபினுக்குப் பின்னாடி இருக்குண்ணே. பொட்டில வந்த ஒயரு எட்டாது. கனமான ஒயரு வாங்கணும். தகட்டுல ஓட்ட போடுற எடத்துல ரப்பர் புஷ் மாட்டணும், இல்லாட்டி ஆட்டத்துல ஒயரு தேஞ்சிரும். பேட்டரிய ஒட்டியே ஒரு ஃபியூஸ் வரணும். சாமான் திருச்சிலேர்ந்து வரணும், நாளான்னிக்கு வாங்க."

எனக்கோ மறுநாள் காலையிலேயே சுரங்கத்து கேட்டில் செட்டைக் காட்டியாக வேண்டும். "ஒரு ஒயரு இழுக்க ரெண்டு நாளா பாய்? செட்டுக்குள்ளதான் ஒரு ஃபியூஸ் இருக்குல்ல?"

"அது செட்டக் காப்பாத்தும். பேட்டரிகிட்ட போடுறதுதான் உங்களக் காப்பாத்தும்."

"சவூதி போயிட்டு வந்துட்டா நீ பெரிய இஞ்சினியரா? நான் இருவது வருஷமா வண்டி ஓட்டுறேன். பேட்டரிலேர்ந்து நேரா குடுய்யா!"

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "நேரா குடுக்க மாட்டேண்ணே. வேற ஆளப் பாத்துக்குங்க."

போடா என்று கிளம்பி வந்து, வீட்டு வாசலில் நானே மாட்டினேன். செட்டோடு வந்த ஒயரின் பேட்டரி முனையிலேயே அவர் சொன்ன மாதிரி ஒரு ஃபியூஸ் இருந்தது. ஒட்டுப் போட இடைஞ்சல் என்று அதைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி வேலியோரம் எறிந்தேன். எட்டாத ஒயரோடு பழைய ஹாரன் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தேன். கேபின் தரைத் தகட்டில் ஆணியால் குத்திய ஓட்டையில் ஒயரைச் செருகி, கால்மிதியைப் போட்டு மூடினேன். ரப்பரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் செட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைப்பதை மட்டும் மறக்கவில்லை! மறுநாள் கேட்டில் மைக்கில் பேசச் சொன்னார்கள். குரல் கேட்டது, ஸ்டிக்கர் ஒட்டினார்கள். குனிந்து ஒயரைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அன்று என் அக்கா வீட்டுக்காரர், என் மாமா, வண்டியில் இருந்தார். பைக்கிலிருந்து விழுந்து இடது காலில் மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்க அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ்ஸில் காலை நீட்ட முடியாது என்று நான்தான் ஏற்றி வந்தேன். காலை பத்து மணி இருக்கும். வண்டி நிறையக் கல்.

"ஏதோ கருகுற வாட வருது மாப்ள" என்றார்.

"முன்னாடி போறவன் கிளட்ச்சப் போட்டுத் தேய்க்கிறான். தொணதொணங்காம சும்மா வாங்க மாமா!"

அவர் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும் செட் செத்துப்போனது. ஒரு தட்டுத் தட்டினேன். அதற்குள் அவர் கால்மிதிக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை. ஓரம்கட்டி சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? சாவிக்கும் அந்த ஒயருக்கும் சம்பந்தமே இல்லையே! கண்ணெதிரே சீட் பஞ்சு பிடித்துக்கொண்டது.

அவர் பக்கத்துக் கதவடியில்தான் தீ. கியர் ராடுக்கு மேலாக என் பக்கம் இழுத்தேன். மாவுக்கட்டுக் கால் ராடில் மாட்டிக்கொண்டது. "விட்டுட்டு எறங்குடா மாப்ள!" என்று கத்தினார். அக்குளில் கையைக் கொடுத்து ஒரே இழுவை. ரெண்டு பேரும் அவ்வளவு உயரத்திலிருந்து தார் ரோட்டில் விழுந்தோம். பின்னால் வந்த டிப்பர்காரர் ஸ்பேனரோடு ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. மாமாவுக்கு உயிர் மிஞ்சியது. கட்டுக்கு வெளியே இருந்த கால்விரல்கள் வெந்துபோயின. கூடியிருந்த எலும்பு மறுபடி விலகிவிட்டது.

கூடிய கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? கண் பட்டுவிட்டதாம்! பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னார்கள். அக்காவோ, மாமாவுக்கு நேரம் சரியில்லை என்று அழுதது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாவது, நேரமாவது! செய்தவன் நான், குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிறேன், என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அது அதைவிடக் கேவலம்.

வண்டியை மறுபடி ஒயரிங் செய்ய அதே பெரம்பலூர்க் கடைக்குத்தான் போனேன். தரைத் தகட்டின் ஓட்டையைத் தடவிப் பார்த்தார். விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. "இந்தத் தகடுதான் ஒயர அறுத்திருக்கு" என்றவர், உள்ளே ஆள் இருந்தார்களா என்று கேட்டார். சொன்னேன். என்னைச் சட்டையைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருக்கலாம். "அல்லா காப்பாத்துனான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சொன்ன ரெண்டு நாளும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

வேலை முடிந்த அன்று சாயந்திரமே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா காலை நீட்டிப் படுத்திருந்தார். "மாமா, நேரமும் இல்ல, கண்ணும் இல்ல. அந்த ஃபியூஸ வெட்டி எறிஞ்சது நான்தான். பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நான் கேக்கல" என்றேன். திட்டுவார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பொக வர்றதுக்கு முன்னாடியே என் காலுக்குக் கீழ சுட ஆரம்பிச்சிருச்சு மாப்ள" என்றார். "சொல்லலாம்னுதான் பாத்தேன். மறுபடி நீ கத்துவியேன்னு காலத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என் அக்காவைக் கட்டியவர், கால் சுடுகிறது என்று என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார். இன்றைக்கும் என் கோபத்தைத் தாங்கிக்கொண்டு யாராவது பேசாமல் இருந்துவிட்டால், அவர்கள் காலுக்குக் கீழே என்ன சுடுகிறதோ என்று எனக்குக் குனிந்து பார்க்கத் தோன்றுகிறது.