மயில முழுங்குன பெட்டி

கல்யாணப் பொண்ணோட மயிலு காணாம போன அன்னிக்கு எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூணு காவல்காரனுங்க இருந்தானுங்க. ஒருத்தன் பச்சக் கேடயம், ஒருத்தன் நீலப் பூட்டு, இன்னொருத்தன் கம்ப்யூட்டர் வாங்கறப்பவே கூட வந்தவன். மூணு பேரும் நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தானுங்க. ஒரு திருடனும் உள்ள வரல. மயிலு மட்டும் போச்சு.

கோயில் மண்டபத்துத் தையல் கிளாஸ் பிள்ளைங்க, "உங்க வேல அனுபவத்த சொல்லுங்க பாட்டி"ன்னு கேட்டுச்சுங்க. கை வெட்டுறது, கழுத்து வெட்டுறதப் பத்தி சொல்லுவேன்னு நெனச்சிருக்கும். அதெல்லாம் நீங்க வீடியோவுலயே பாத்துக்குவீங்க. நான் இந்த மயிலு கதையச் சொல்றேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபோனுக்கிட்ட பேசறேன், அது எழுதிக்குது. நல்ல ஃபோனு, குறுக்க பேசாது.

சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போய்ல நாங்க வீட்டுலயே தைக்கிறோம். முன்ன கார்மெண்ட் ஃபேக்டரியில காலர் தைக்கிற லைன்ல இருந்தேன். அதை மூடுன பிறகு தையல் மெஷின வீட்டுக்குக் கொண்டாந்தேன். எம்ப்ராய்டரி மெஷின் பின்னாடி வந்துச்சு, என் மருமக செல்வி வந்த பிறகு. மெஷின நான் பாத்துக்குவேன். நூல் மாத்துறது, ஹூப் வளையத்துல துணிய இழுத்து மாட்டுறது, பாபின்ல அடி நூல் தீருதான்னு காதாலயே கேக்கறது என் வேல. கம்ப்யூட்டர் செல்வி வேல. படத்த தையலா மாத்துறவ அவதான்.

1. டெடி பேர் தொங்குன பென்டிரைவ்

ஸ்கூடாய்ல இருந்து பத்மாவும் அவ மக தர்ஷினியும் வந்தாங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம தர்ஷினிக்குக் கல்யாணம். பிளவுஸ் முதுகுல ரெண்டு மயிலு, கழுத்தோட கழுத்து பின்னிக்கிட்டு நிக்கணுமாம். படம் அவ கூட்டாளி வரைஞ்சது. பென்டிரைவ்ல போட்டுக் கொண்டாந்தா, ஒரு குட்டி டெடி பேரு அதுல தொங்குது. அந்தப் பென்டிரைவ் போகாத எடமில்ல. யூனிவர்சிட்டி, பிரிண்ட் கடை, கூட்டாளிங்க லேப்டாப், எல்லா எடத்துலயும் சொருகி எடுத்திருக்கா.

செல்வி சொருகுனா. ஸ்கிரீன் பூரா செவப்பாயிருச்சு. கம்ப்யூட்டரோட கூட வந்த காவல்காரன் வைரஸ் வைரஸ்னு கத்துறான். நெருப்புக்கிட்ட போற புள்ள கைய இழுக்கற மாதிரி செல்வி வெடுக்குன்னு புடுங்கிட்டா. ஒன்னும் ஆகல. ஆனா அவ முகம் வெளுத்துப் போச்சு. ஏன்னா எங்க டிசைன் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் கெடக்கு. ஸ்கூல் பேட்ஜு, கோயில் கொடி, புடவ பார்டரு எல்லாம். எம்ப்ராய்டரி வேலையில மெஷின் வெறும் கைதான். டிசைன்தான் உசுரு.

"பயப்படாதீங்க அத்தை, அது புடிச்சிருச்சு. நான் பாத்துக்கறேன்"ன்னா.

அதோட விட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. அவ போயி புருசன்கிட்ட சொல்லிட்டா.

2. சக்கரம் வெச்ச நாற்காலி

அவ புருசன், என் மகன் குணா, சிங்கப்பூர்ல லிஃப்ட் ரிப்பேர் பாக்கறான். தெனம் பாலம் தாண்டிப் போயிட்டு வர்றவன். அந்தப் பக்கம் வாங்குனா எல்லாமே ஒசத்தின்னு அவனுக்கு ஒரு நெனப்பு. தைலம் கூட அங்கதான் வாங்குவான், இங்க செஞ்ச தைலத்த. அவன் போயி பச்சக் கேடயத்த காசு குடுத்து வாங்கிட்டு வந்து போட்டான்.

மறுநா என் மக வீட்டுக்காரர் ரகு வந்தாரு. காலேஜ்ல பாடம் சொல்லித் தர்றாரு. கம்ப்யூட்டர் இல்ல, மேனேஜ்மெண்ட். ஆனா கழுத்துல எப்பவும் ஒரு பென்டிரைவ் தாலி மாதிரி தொங்கும். அதனால எங்க சொந்தக்காரங்க எல்லாரும் அவர கம்ப்யூட்டர் லெக்சரர்னே நம்பிட்டாங்க. அவரும் இல்லன்னு சொன்னதில்ல.

"பெர்சூமாவே, ஓசியிலயே கெடைக்குது, இதுக்குப் போயி எதுக்கு காசு குடுத்தான் மச்சான்"ன்னு சிரிச்சிக்கிட்டே நீலப் பூட்ட போட்டாரு. பச்சய எடுக்கல. எடுத்தா குணா கோவிச்சிக்குவான். சாயங்காலம் குணா வந்து பாத்தான், அவனும் நீலத்த எடுக்கல. எடுத்தா மாப்ள கோவிச்சிக்குவாரு. ரெண்டு பேரும் மரியாதை பாத்துக்கிட்டாங்க. கம்ப்யூட்டருக்குத்தான் மரியாதை கெடைக்கல.

பச்ச ஒரு ஃபைல தொறந்து சோதிப்பான். யாருடா அவன் ஃபைல தொடறதுன்னு நீலம் பச்சயப் புடிச்சிக்கும். அதைப் பாத்து பச்ச நீலத்தப் புடிக்கும். தீபாவளிக்கு முதல் நாளு பாலத்துல வண்டிங்க நிக்கிற மாதிரி கம்ப்யூட்டர் நின்னுருச்சு. காலையில ஆன் பண்ணா ரெண்டு பேரும் சோம்பல் முறிச்சி எழுந்து வர்றதுக்குள்ள நான் சாம்பார் வெச்சி எறக்கிருவேன். ஒரு நா ரெண்டு பேரும் சேந்து ஒரு திருடனப் புடிச்சாங்க. யாருன்னு பாத்தா எங்க எம்ப்ராய்டரி புரோகிராமு. எங்களுக்கு சோறு போடறவன். அவனப் புடிச்சி உள்ள வெச்சிட்டாங்க, செல்விதான் மீட்டுக் கொண்டாந்தா.

செல்வி ஒன்னு போதும்னு சொல்லிப் பாத்தா. இது டெக்னிக்கல் விஷயம், நீ தலையிடாதன்னு குணா சொல்லிட்டான். நாள் பூரா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவ அவ. பொழுது சாஞ்சா வந்து எட்டிப் பாக்கறவன் இவன்.

எனக்கு ஃபேக்டரி ஞாபகம் வந்திருச்சு. ஒரு தடவ எங்க லைனுக்குப் புது நாற்காலி வாங்குனாங்க. மேனேஜர் கடைக்குப் போயி உக்காந்து பாத்து, சுத்திப் பாத்து, நல்லாருக்குன்னு வாங்கிட்டு வந்துட்டாரு. சக்கரம் வெச்ச நாற்காலி. தைக்கறவ பெடல மிதிச்சா நாற்காலி பின்னாடி ஓடுது. அன்னிக்குக் காலையில பூரா லைனும் பெடல மிதிச்சி மிதிச்சி சுவத்துக்கிட்ட போயி நிக்கிது. மேனேஜருக்குக் கோவம். எங்களுக்கு ஒழுங்கா உக்காரத் தெரியலையாம். யாரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா சக்கரம் வேணாம்னு சொல்லிருப்போம். அவ்ளோதான் விஷயம்.

3. அம்மை ரூம்

தர்ஷினி பென்டிரைவ் அப்படியே கெடக்கு. உள்ள மயிலு இருக்கு, கூடவே வைரஸும் இருக்கு. கூட்டாளிக்கிட்ட வேற காப்பி இல்லையாம். அதுக்கு ரகு மாப்ள ஒரு வழி கொண்டாந்தாரு. சேண்ட்பாக்ஸாம்.

"இது தனிப் பெட்டி அத்தை. சந்தேகமான எதையும் இதுக்குள்ள வெச்சித் தொறந்தா நோய் வெளிய வராது."

"அம்மை போட்டா தனி ரூம்ல படுக்க வெச்சி வாசல்ல வேப்பிலை சொருகுவோமே, அப்படியா மாப்ள?"

"அதேதான் அத்தை."

எனக்கு சந்தோசம் தாங்கல. இத்தன வருசத்துல கம்ப்யூட்டர்ல எனக்குப் புரிஞ்ச மொத விஷயம் அது. பெட்டியச் சுத்தி மஞ்சக் கோடு வேற போட்டிருந்துச்சு. மஞ்சளும் வெச்சிட்டாங்க, வேப்பிலைதான் பாக்கின்னேன். தண்ணி ஊத்துன பிறகு அந்த ரூம்ல இருந்த பாயி, துணியெல்லாம் தூக்கிப் போட்டுருவோமே, இங்க எப்படின்னும் கேட்டேன். அதெல்லாம் தானா நடந்துரும்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அந்த வார்த்தைய யாரும் யோசிச்சிப் பாக்கல. சொன்னவரும் யோசிக்கல, கேட்ட நானும் யோசிக்கல.

பாதுகாப்புன்னா முழுசா இருக்கணும்னு எம்ப்ராய்டரி புரோகிராமையும் அந்தப் பெட்டிக்குள்ளயே ஓடற மாதிரி வெச்சிட்டுப் போயிட்டாரு.

திங்கக்கிழம செல்வி பென்டிரைவ பெட்டிக்குள்ள தொறந்து வேலைய ஆரம்பிச்சா. படம் இருந்தா மெஷின் தானா தைக்கும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. தைக்காது. ஒவ்வொரு எறகுக்கும் நூல் எந்தப் பக்கம் சாயணும், ஊசி எங்க எறங்கி எங்க ஏறணும்னு சொல்லிக் குடுக்கணும். பின்னுன கழுத்து வேற. ஒரு மயில செஞ்சி திருப்பிப் போட்டு ஏமாத்த முடியாது. எந்தக் கழுத்து மேல, எந்தக் கழுத்து கீழன்னு ஒவ்வொரு எடத்துலயும் பாக்கணும். சேவ் பண்ணிப் பண்ணி செஞ்சா. கம்ப்யூட்டர நிறுத்தவே இல்ல, நிறுத்துனா மறுபடி அந்த ரெண்டு சோம்பேறியும் எழுந்து வரணுமே. பெட்டி தொறந்தபடியே கெடந்துச்சு. புதன்கிழம காலையில ரெண்டாவது மயிலு கண்ணும் வெச்சாச்சு. எனக்குக் கூப்புட்டுக் காட்டுனா. நான் ஹூப்ல துணிய மாட்ட ஆரம்பிச்சேன். அவ குளிக்கப் போனா.

அன்னிக்கு குணாவுக்கு லீவு. வந்தான், மஞ்சக் கோடு போட்ட பெட்டியப் பாத்தான். மச்சான் போட்டதுதான் கம்ப்யூட்டர ஸ்லோ ஆக்குதுன்னு சொல்லிக்கிட்டே மூடுனான். அது இங்கிலீஸ்ல என்னமோ கேட்டுச்சு. இவன் டக்குன்னு அமுக்கிட்டான். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால எதையும் அமுக்க மாட்டேன். படிக்கத் தெரிஞ்சவன் படிக்காமலே அமுக்கறான்.

செல்வி தலையில துண்டோட வந்து தேடுனா. எங்க தேடியும் இல்ல. ரகு மாப்ளைக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சா.

"பெட்டிய மூடுனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும் செல்வி. அதுதானே பாதுகாப்பே. பேசிக் லா இது."

"ஏன்ணே முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலையே மா."

அப்புறம் ரெண்டு மச்சானும் பேசிக்கிட்டாங்க. பெட்டி சரியாத்தான் வேல செஞ்சிருக்குன்னு அவரு சொல்றாரு. பச்சக் கேடயம் ஒரு வைரஸும் இல்லன்னு காட்டுதுன்னு இவன் சொல்றான். ரெண்டு பேரு சொன்னதும் உண்ம. வீடு பத்திரமா இருக்கு. மயிலு மட்டும் செத்துக் கெடக்கு.

4. நகருங்க

பத்மா ஃபோன் பண்ணா. "அக்கா, மயிலு வந்துருச்சா?"

வந்துக்கிட்டே இருக்குன்னேன். வேற என்ன சொல்ல? சனிக்கிழம காலையில பிளவுஸ் அவ கைக்குப் போகணும். இது வரைக்கும் ஒரு கல்யாணப் பொண்ணுக்கும் நான் லேட்டா குடுத்ததில்ல.

செல்வி அழுவான்னு நெனச்சேன். அழல. குணாக்கிட்ட வந்து, "நகருங்க"ன்னா. உக்காந்தா.

"இந்தக் கம்ப்யூட்டர்ல வேல செய்றது யாரு?"

"நீதான்."

"அப்ப இதுக்குள்ள என்ன இருக்கணும்னு நான் சொல்றேன்."

பச்சயத் தூக்குனா. நீலத்தத் தூக்குனா. கூட வந்த காவல்காரன் ஒருத்தன மட்டும் வெச்சிக்கிட்டா. அவனுக்கு நேரத்துக்கு அப்டேட் குடுத்தா போதுமாம். பாஸ்வேர்ட் இல்லாம யாரும் எதையும் புதுசா உள்ள போட முடியாதுன்னு ஆக்கிட்டா. பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியும். டிசைன் பூராத்தையும் ஒரு தனி டிஸ்க்ல காப்பி எடுத்தா. எடுத்த ஒடனே ஒயர கழட்டிரணுமாம், மாட்டியே வெச்சிருந்தா வைரஸ் அதையும் தின்னுருமாம். அத வெக்கறதுக்கு ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடையில வாங்குன மூடி போட்ட ஜாடிய நான் குடுத்தேன். முன்ன அதுல எலுமிச்ச ஊறுகா இருந்துச்சு. நல்லா கழுவிக் காயவெச்சித்தான் குடுத்தேன், சிரிக்காதீங்க.

பெட்டிய மட்டும் தூக்கிப் போடல. பென்டிரைவ உள்ள தொறந்து, மயிலு படத்த மட்டும் வெளிய எடுத்துக்கிட்டு, பெட்டிய மூடுனா. வேலைய வெளியில வெச்சித்தான் செஞ்சா. அம்மை ரூம எட்டிப் பாக்கலாம், அதுக்குள்ள போயி அடுப்பு மூட்டக் கூடாது.

ஆனா நேரம் ரெண்டு மயிலுக்குப் பத்தல. ஒன்னுதான் முடியும். செல்வியே தர்ஷினிக்கு ஃபோன் பண்ணி நடந்தத ஒளிக்காம சொன்னா. பக்கத்துல பத்மா கத்துறது எனக்கே கேட்டுச்சு.

பொண்ணு சொன்னா: "ஒன்னே போதும்கா. என்னக் கட்டிக்கப் போறவரு இன்னும் அவரு சட்டைக்குத் துணி கூட எடுக்கல, அவருக்கு எதுக்கு மயிலு? என் மயிலு தனியாவே நிக்கட்டும்."

வெள்ளிக்கிழம பூரா மெஷின் ஓடுச்சு. நான் பக்கத்த விட்டு நகரல. ஒரே மயிலு, தோகை ஒரு தோள்ல இருந்து எறங்கி இடுப்பு வரைக்கும் வந்துச்சு. சனிக்கிழம காலையில குடுத்துட்டோம். ஞாயித்துக்கிழம கோயில்ல பொண்ணு குனிஞ்சி கால்ல விழுந்தப்ப, பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க பேச்சு நின்னு போச்சு. கல்யாண மாப்ள சட்டை மடிப்புக் கூட கலையல, கடையில இருந்து நேரா வந்த மாதிரி இருந்தாரு. இப்ப எங்களுக்கு வர்ற ஆர்டர்ல பாதி தனி மயிலுதான். ரெண்டு மயிலு யாருமே கேக்கறதில்ல.

போன வாரம் ரகு மாப்ள வந்தாரு. காலேஜ் பாடத்த பிரிண்ட் எடுக்கணுமாம். கழுத்துல இருந்து பென்டிரைவ கழட்டுனாரு. செல்வி கம்பிக் கதவுக்கிட்டயே நின்னுக்கிட்டு, இத எங்கெல்லாம் சொருகுனீங்கன்னு கேட்டா. காலேஜு, பிரிண்ட் கடை, கூட்டாளி ஆஃபீஸுன்னு அவரு வரிசையா சொன்னாரு.

"அப்ப அம்மை ரூமுக்குத்தான் போகணும்ணே."

"அந்தப் பெட்டியவே நான்தானே போட்டுக் குடுத்தேன்."

"தெரியுமேண்ணே. மூடுனா அழிஞ்சிரும். பேசிக் லா."

மாப்ள பென்டிரைவ செல்வி கையில குடுத்தாரு. நான் உள்ள போயி டீ கலக்கிக் கொண்டாந்து, சிரிப்ப அடக்கிக்கிட்டுக் குடுத்தேன்.

பிள்ளைங்களா, நாளைக்கு நீங்க கடை வெப்பீங்க, மெஷின் வாங்குவீங்க, கம்ப்யூட்டர் வாங்குவீங்க. உங்கள காப்பாத்தறேன்னு நெறைய பேரு வருவாங்க, மாமா, மச்சான், புருசன்னு. வேணாம்னு சொல்லாதீங்க, பாவம், ஆசையா வருவாங்க. சக்கரம் வெச்ச நாற்காலிய எடுத்துக்கிட்டு வந்தா, மொதல்ல அவங்கள அதுல உக்கார வெச்சி, பெடல மிதிக்கச் சொல்லுங்க.