குடித்ததாகச் சொன்னவர்

ராய்ஸ் க்ளீசன், டாஸ்மேனியாவில் ஹுவான் ஆற்றங்கரையில் வாரிக்கின் பழத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். வயது ஐம்பத்தொன்பது. எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கடைசி விஷயம் அவர் மனைவி நோலீனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவளும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ராய்ஸ் சிறுவனாக இருந்தபோது அவன் அப்பா மரம் வெட்டும் முகாம் ஒவ்வொன்றாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு அலைந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பெஞ்சு சூடேறுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். கடைசியாகச் சேர்த்த பள்ளியில் டீச்சர் அவனைக் கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு வகுப்புக் கணப்புக்கு விறகு பிளக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார். டாஸ்மேனியாவின் குளிரில் அது மரியாதையான வேலைதான். மற்ற பிள்ளைகள் படித்தார்கள். ராய்ஸ் அவர்களைச் சூடாக வைத்திருந்தான்.

கல்யாணம் ஆன பிறகு நோலீன் அவருக்குக் கண்ணாக இருந்தாள். மருந்தடிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, மழைக்காலம் முழுவதும் அடுப்படியில் உட்கார்ந்து அந்தத் தடிப் புத்தகத்தை வாசித்துக் காட்டி மனப்பாடம் செய்யவைத்தாள். பரீட்சையன்று வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டு அனுப்பினாள். "மரத்துலேருந்து விழுந்துட்டேன்" என்றார் ராய்ஸ். வந்திருந்த அதிகாரி பாவம் பார்த்துக் கேள்விகளை வாயால் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தபோது இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

அவள் போன பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கடையில் டப்பாவின் மேலிருக்கும் படத்தைப் பார்த்து வாங்கினார். ஒருமுறை இறைச்சிப் படம் போட்ட டப்பாவை வாங்கிவந்தார். அது நாய் உணவு என்று மூடியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. ஹோட்டலில் பக்கத்து மேசையைக் காட்டி, "அவர் சாப்பிடுறதே எனக்கும் குடும்மா" என்பார். தோட்டத்தில் அன்றன்று அடித்த மருந்தை எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பேக்கிங் ஷெட்டில் இருக்கும் பெண்ணிடம் கையை விரித்துக் காட்டி, "மருந்துக் கை, காகிதத்துல படக்கூடாது. நீ எழுது கண்ணு" என்று சொல்லிவிடுவார். மருந்து டின்களை மூடியின் நிறத்தை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். நீல மூடி இலைக்குச் சத்து. சிவப்பு மூடி களைக்கொல்லி. அதற்கு மேல் சந்தேகம் வந்தால் மூக்கு இருந்தது.

அந்த வசந்தத்தில் வாரிக் மருந்து வாங்கும் கடையை மாற்றினார். புது டின்கள் வந்து இறங்கின. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் நீல மூடி. ராய்ஸ் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். வாசனை கொஞ்சம் வேறாகத்தான் இருந்தது. கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால், "அதான் மேலேயே எழுதியிருக்கே" என்பார்கள். புதுக் கடைச் சரக்கு, வாசனை மாறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மருந்துத் தொட்டியில் ஊற்றினார். ஆற்றை ஒட்டிய செர்ரித் தோப்பு முழுவதும், வரிசை விடாமல், இலை நனைய நனைய அடித்தார். வாரிக்கும் அவர் மனைவியும் கடன் வாங்கிக் கையால் நட்ட தோப்பு அது. அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கிளை வளையக் காய்த்திருந்தது.

ஒரு வாரத்தில் இலைகள் வெளிறிப்போயின. அடுத்த வாரம் நுனி சுருண்டது. காய்கள் பச்சையாகவே உதிர ஆரம்பித்தன. மரத்தடியில் நடந்தால் செருப்புக்கடியில் நெறுநெறுவென்றது.

தேநீர் வேளையில் எல்லோரும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது வாரிக் ஒரு காலி டின்னோடு உள்ளே வந்தார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. டின்னை ராய்ஸ் மடியில் வைத்தார்.

"இதைத்தான் தோப்புக்கு அடிச்சியா?"

"ஆமா. என்ன இப்போ?"

"என்ன மருந்து இது?"

ராய்ஸ் டின்னைப் பார்த்தார். கறுப்புக் கறுப்பாக வரிகள். நடுவில் பெரிதாக ஒரு சொல். அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார்.

"படிடா" என்றார் வாரிக். "சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்."

ஒருவன் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான். பேக்கிங் ஷெட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த டின்னை மடியிலிருந்து இறக்க ராய்ஸ் ஏதாவது சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் பரவாயில்லை.

"குடிச்சிருந்தேன்" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கிக் குடிச்சிருந்தேன், வாரிக். சரியாப் பாக்கலை."

வாரிக் டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ராய்ஸ் ஒரு காலத்தில் மொடாக்குடியர். பேத்தி பிறந்தபோது விட்டார். விட்ட புதிதில், குடியை நிறுத்தினவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாராவாரம் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அது முடியும்வரை வெளியே காத்திருந்து கூட்டிவந்தவர் வாரிக்தான்.

"களைக்கொல்லிடா அது" என்றார் வாரிக். "மரம் ஒண்ணு மிஞ்சாது. போயிடு. என் கண்ணு முன்னால நிக்காதே."

ராய்ஸ் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான்கு வருஷமாக ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. அதைச் சொல்ல இனி வாய் இல்லை.

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. சாயங்காலமே மகள் கெய்லீன் வந்தாள். பேத்தி டில்லியைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பிள்ளை தாத்தாவைப் பார்த்துக் கையாட்டியது.

"எப்போலேருந்து?" என்றாள் கெய்லீன். அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். "எங்க வெச்சிருக்கே? சொல்லு. வாரா வாரம் உன்கிட்ட இவளை விட்டுட்டுப் போனேனே, அப்பவும் குடிச்சிட்டுத்தான் இருந்தியா?"

"இல்லம்மா."

"என்ன இல்ல? இவ பொறந்தப்ப என்ன சொன்னேன்? ஒரு தடவ குடிச்சாலும் உனக்குப் பேத்தி கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா? அம்மா சாகிற வரைக்கும் உன்னை நம்பினா. நானும் நம்பித் தொலைச்சேன்."

அவள் வாசலைத் தாண்டும்போது ராய்ஸுக்கு வாய் திறந்துகொண்டது.

"கெய்லீன். குடிக்கலை. எனக்குப் படிக்கத் தெரியாது."

அவள் திரும்பினாள். "என்ன உளர்றே?"

"டின்னுல எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியலை. எதையுமே படிக்கத் தெரியாது. எப்பவுமே தெரியாது."

கெய்லீன் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை. "குடிகாரன் எத்தனையோ சாக்கு சொல்லிக் கேட்டிருக்கேன். இது புதுசா இருக்கு. ஏம்ப்பா, தினமும் படுக்கையில எனக்குப் புத்தகம் வாசிச்சது யாரு? பூதமா? அந்த வாம்பட் கதை, குடை வெச்சிருக்கிற அந்தக் குண்டு மிருகம், அதை எத்தனை தடவ வாசிச்சே எனக்கு!"

"புத்தகத்துல அந்தக் கதை இல்லம்மா" என்றார் ராய்ஸ். "படத்தைப் பாத்து நானாச் சொன்னது."

அவள் மேசைமேல் கிடந்த கடைத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "சரி. இதுல ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு."

ராய்ஸ் அதைக் கையில் வாங்கினார். மூக்கோரம் வேர்த்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கோழியின் படம் இருந்தது. "கோழி" என்றார்.

அவர் விரல் வைத்த இடத்தில் 'வெள்ளிக்கிழமை விடுமுறை' என்று போட்டிருந்தது.

கெய்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சண்டை போடும் தெம்பு போய்விட்டது. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஆமென்று தலையசைத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்தா மறைச்சீங்க?" என்றாள். "நான் அந்தப் புத்தகத்தை இவளுக்காகத் தேடித் தேடி வாங்கினேன்ப்பா. வாசிச்சப்போ வேற கதை இருந்துச்சு. எனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சுன்னு நெனச்சேன்." அதற்குப் பிறகு அழுதாள். அப்பா தோளில் சாய்ந்து அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, தனியாக அழுதாள்.

மறுநாள் அவளே வாரிக்கிடம் போனாள். உண்மை தெரிந்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தாள். அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனாள். மூவரும் தோப்போரம் நின்றார்கள். மரங்கள் பழுப்பேறி, வசந்தம் முடிவதற்குள் குளிர்காலம் திரும்பி வந்தது போல நின்றன.

கெய்லீன் சொல்லி முடிக்கும்வரை வாரிக் கேட்டார். பிறகு ராய்ஸைப் பார்த்தார்.

"ஒரு நாள் நீ குடிச்சிட்டுத் தப்பு பண்ணிட்டதா நெனச்சேன்" என்றார். "ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அறுவடை முடிஞ்சதும் கூப்பிட்டுடலாம்னுகூட இருந்தேன். இத்தனை வருஷமா கண்ணைக் கட்டிக்கிட்டு விஷம் கலந்திருக்கேடா நீ. என் பசங்க அந்தப் பழத்தைத் தின்னுதான் வளர்ந்தாங்க. பழம் பறிக்க வந்தவங்க பிள்ளைங்க மரத்தடியில விளையாடிச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உன்னால?"

"சொன்னா வேலைக்கு வெச்சிருப்பியா?"

"மருந்துக்கு வெச்சிருக்க மாட்டேன்" என்றார் வாரிக். "வேற வேலை குடுத்திருப்பேன்."

"விறகு பிளக்கிற வேலை" என்றார் ராய்ஸ்.

அதன் அர்த்தம் அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவரும் விளக்கவில்லை. வாரிக் கைகொடுக்காமல் ஷெட்டுப் பக்கம் நடந்தார்.

படிக்கத் தெரியாது என்பதும் ஊருக்குள் பரவியது. ஊர் அவரிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டது. அதுதான் தாங்க முடியவில்லை. கடைக்குப் போனால் கல்லாப்பெட்டியருகே நிற்கிற பெண் ஒவ்வொரு டப்பாவையும் தூக்கிப் பிடித்து, "இது தக்காளி, ராய்ஸ். இது பீன்ஸ்" என்று செவிடனுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பழைய குடித்தோழன் ஒருவன் தெருவில் வழிமறித்து, "அட, எங்க சித்தப்பாவுக்கும் படிப்பு வராதுப்பா. நல்ல மனுஷன்" என்று முதுகில் தட்டினான். குடிகாரன் என்று ஊர் பேசிய காலத்தில் யாரும் அவரைத் தொட்டதில்லை.

கெய்லீன் பிள்ளையைத் திரும்ப விட்டாள். ஆனால் கூடவே இருந்தாள். மூலையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் டில்லி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தாத்தா மடியில் ஏற வந்தது. "அம்மா வாசிக்கிறேன், வா கண்ணு" என்று கெய்லீன் வாங்கிக்கொண்டாள். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் செய்தாள். ராய்ஸ் மடியைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்த் தேநீருக்கு வெந்நீர் வைத்தார்.

சில மாதம் கழித்து அவள்தான் ஏற்பாடு செய்தாள். நகரத்து நூலகத்தில் திங்கட்கிழமைதோறும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள். காசு இல்லை, யாருக்கும் தெரியாது, அறுபது எழுபது வயதுக்காரர்கள்கூட வருகிறார்கள் என்றாள். "எனக்காகப் போப்பா. இவளுக்காகப் போ" என்றாள். அவர் சரி என்றார். மனதாரத்தான் சொன்னார். சவரம் செய்துகொண்டு, நோலீனின் சாவுக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நூலகத்தின் பக்கவாட்டில் அந்த அறை. கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு பெரிய மேசையில் அவர் வயதுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உழைத்த கை. ஒரு விரலைத் தாளில் அழுத்தி வைத்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நெற்றி வேர்த்திருந்தது. பக்கத்தில் ஓர் இளம்பெண் இனிமையாகச் சிரித்தபடி, "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்றாள். அந்தப் பெரியவள் மறுபடியும் உதட்டை அசைத்தாள். மறுபடியும் பாதியில் நிறுத்தினாள். ஷெட்டில் டின்னை மடியில் வைத்திருந்தபோது மற்றவர்கள் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிந்திருப்போம் என்பதை ராய்ஸ் அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தார்.

கதவின் பிடியிலிருந்து கையை எடுத்தார். வண்டியில் போய் உட்கார்ந்து, வகுப்பு முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை அங்கேயே இருந்துவிட்டு வீட்டுக்கு ஓட்டினார்.

வந்ததும் போன் அடித்தது.

"போனியாப்பா?"

"போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. மொத நாள்தானே. பேரெழுதச் சொல்லிக்குடுத்தாங்க."

அந்தப் பக்கம் கெய்லீனின் குரல் உடைந்தது. சந்தோஷத்தில்தான். "எனக்குப் பெருமையா இருக்குப்பா" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. "அடுத்த வாரம் என்னவாம்?"

"பாக்கலாம். என்னமோ சொன்னாங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமையும் சவரம் செய்துகொண்டு கிளம்பினார். நூலகத்துக்கு எதிரே மரநிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டதாகச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.